காகம் தட்டியதாகச் சொன்னவர்

கண்டி ஆஸ்பத்திரியில் இறங்க வேண்டிய அக்கா ஒருநாள் பேராதனை வரைக்கும் பஸ்ஸில் போய்விட்டார். நல்ல கூட்டம். ஆஸ்பத்திரிச் சந்தியில் கொண்டக்டர் மணி அடிக்கவில்லை. "எறங்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா சொல்லவில்லை. பேராதனையில் வேறு யாரோ இறங்கியபோது அவர்கள் பின்னாலேயே இறங்கி, வந்த வழியே ஆஸ்பத்திரிக்கு நடந்து, மாமியாருக்கு மருந்து வாங்கிக்கொண்டு, மஹய்யாவை வீட்டுக்கும் நடந்தே வந்து சேர்ந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசல்படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா, வாயைத் திறந்து கேட்டா என்ன?"

"அவரு வேற வேலையா இருந்தாரு டீச்சர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அக்காவிடம் கோபப்படுவது தலையணையைக் குத்துகிற மாதிரிதான். நம் கைதான் வலிக்கும்.

அந்த வீட்டின் முன்னறையில் நான் ஒன்றரை வருடம் குடியிருந்தேன். என் ஊர் கடுகண்ணாவை. கண்டியில் ஆசிரியை வேலை கிடைத்த புதிது. பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம் அது. வாரநாளெல்லாம் மஹய்யாவையில் தங்கி, வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போய்விடுவேன். வீட்டில் மூன்றே பேர். வீட்டுக்கார அம்மா, துணிக்கடையில் வேலை பார்த்த அவருடைய மகன், அந்த மகனுடைய மனைவியான அக்கா. பிள்ளைகள் இல்லை. பிள்ளைக்குப் பதிலாக என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு நாயும் ஒரு பூனையும் இருந்தன. நாயின் பெயர் சிங்கம். பட்டாசுச் சத்தம் கேட்டால் அக்காவின் சேலைக்குள் புகுந்துகொள்ளும் அந்தப் பிராணிக்கு யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ. பூனை வெள்ளச்சி.

அக்கா எதையும் கேட்க மாட்டார். குழம்பு தீர்ந்துவிட்டால் சோற்றில் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். பாண் வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால் ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் கொடுப்பார். அவர் கையில் கொதிநீர் கொட்டியதை நான் மூன்றாம் நாள்தான் கண்டேன். கேட்டதற்கு "ஒண்ணுமில்லங்க டீச்சர்" என்றார். அந்த "ஒண்ணுமில்லங்க"வை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். இப்படி ஒருத்தி இருக்க முடியுமா, இது பணிவா அல்லது அழுத்தமா என்று எனக்குப் பலமுறை சந்தேகம் வந்திருக்கிறது.

அக்கா பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழுந்து எடுப்பவர். அண்ணன் ஒருவர். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இந்த வீட்டுப் பெண்ணுக்கு, அதாவது அக்காவின் நாத்தனாருக்குக் கல்யாணம் நடந்தது. அதற்குத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்த அண்ணனை யாரோ தோளைத் தொட்டு எழுப்பி, "தோட்டத்தாளுக கடசிப் பந்தியில சாப்பிடட்டும்" என்றார்களாம். அண்ணன் எழுந்தார். பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு பட்டினியோடு போய்விட்டார். அன்றோடு போக்குவரத்து நின்றது. எட்டு வருடம் நல்லதுக்கும் வரவில்லை, கெட்டதுக்கும் வரவில்லை, ஒரு கடிதம்கூட இல்லை. கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட என்ன, கடல் கடந்தா இருக்கிறது? பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

இதெல்லாம் வீட்டுக்கார அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினார். மாலையில் சமையலறைப் பின்கதவில் நின்று மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமல், "எங்கம்மா இந்நேரம் கொழுந்து நிறுத்துட்டு வந்திருக்கும்" என்றார். பிறகு உலையைப் பார்க்கப் போய்விட்டார்.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன். அண்ணன்கிட்ட நான் பேசட்டுமா?" என்று கேட்டேன். அக்காவின் வீட்டுக்காரரைத்தான் நான் அண்ணன் என்பேன்.

"வேணாங்க. அவுக சங்கடப்படுவாக."

வெசாக் பண்டிகை வெளிச்சக் கூடுகளை ஊரில் கழற்றிய வாரம், பின்முற்றத்துப் பலாமரத்தில் ஒரு சோடிக் காகம் கூடு கட்டியது. வீட்டுக்கார அம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. தினமும் மத்தியானம் அவர் பின்மதிலில் ஒரு பிடி சோறு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் சாப்பிடுவார். அந்தக் காகம் காலமாகிப்போன அவருடைய கணவர். "இம்புட்டு நாளும் மதிலுக்கு வந்தாரு. இப்ப வீட்டோடயே வந்துட்டாரு" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. முட்டை பொரிக்கும் முன்பே ஆள் வைத்துக் கூட்டை எடுத்துவிடலாமா என்று மகன் கேட்டார். "உங்கப்பன வெளிய தள்ளுவியாடா?" என்று ஒரே போடாகப் போட்டார் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குஞ்சு பொரித்த பிறகுதான் எங்களுக்கு வினை ஆரம்பித்தது. முதலில் மாட்டியது வெள்ளச்சி. துவைகல்லில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பூனையின் முதுகில் ஒரு காகம் வந்து அறைந்தது. பூனை பாய்ந்து திரும்பியபோது எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்தது. பூனையின் முதுகில் ஒரு ரூபாக் குற்றிக்காசு அளவுக்கு முடி போய்விட்டது. மறுநாள் சிங்கத்தின் முறை. காதில் ஒரு கொத்து வாங்கியதும் அது விறகுக் கொட்டிலுக்குள் ஓடி, அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. நாட்கணக்காகத் தலைகாட்டவில்லை. உள்ளே இருந்தபடியே முனகும். வெளியே மூக்கை நீட்டினால் மரத்திலிருந்து "கா" என்று ஒரு சத்தம் வரும். மூக்கு உள்ளே போய்விடும்.

அக்கா அரிசி புடைக்கிற சுளகைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போய் அதற்குச் சோறு வைத்துவிட்டு வருவார். சுளகின் மேல் காகம் வந்து மோதும் சத்தம் சமையலறைக்குள் கேட்கும். வீட்டுக்கார அம்மா கறுப்புக் குடையோடு போவார். நான் துணி துவைக்கும் பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவேன். போகாமல் இருக்க முடியுமா? தண்ணீர்ப் பைப்பும் கக்கூசும் முற்றத்தின் கடைசியில், பலாமரத்துக்குக் கீழேதான் இருந்தன.

ஒரு காலை நான் கக்கூசுக்குள் மாட்டிக்கொண்டேன். தகரக் கூரையில் காகம் நடக்கும் சத்தம். கதவைக் கொஞ்சம் திறந்தால் பாய்ந்து வருகிறது. பேசினை வெளியே விட்டுவிட்டேன். பள்ளிக்கூட மணி அடித்திருக்கும். உள்ளே இருட்டு, நாற்றம், வேர்வை. கூப்பிடவும் வெட்கம். அரை மணி நேரம் கழித்து அக்கா சுளகோடு வந்து கதவைத் தட்டினார். இருவரும் ஒரே சுளகுக்குக் கீழே, தோளோடு தோள் ஒட்டி நடந்து வந்தோம்.

"பைத்தியம் பிடிச்சிரும்போல இருந்துச்சுக்கா. அரை மணி நேரம்!"

"மொதல்ல அப்புடித்தான் இருக்கும் டீச்சர்" என்றார் அக்கா.

அந்த நாட்களில் நாங்கள் எல்லோருமே வீட்டுக்குள் அடைபட்டுத்தான் கிடந்தோம். நாயும் பூனையும்கூட. அக்கா மட்டும் புதிதாக அடைபட்டவர் மாதிரித் தெரியவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பலாமரத்திலிருந்து ஒரு குஞ்சு தவறி முற்றத்தில் விழுந்தது. எழுந்து பறக்கத் தெரியாமல் தத்தித் தத்தி விறகுக் கொட்டில் பக்கம் போனது. சிங்கத்துக்கு என்ன தோன்றியதோ, அத்தனை நாள் ஒளிந்திருந்த நாய் வெளியே வந்து அதை மோந்து பார்த்தது. அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்தனவோ, தாயும் தகப்பனும் ஊர்க் காகமெல்லாமும் சேர்ந்து நாயின் மேல் இறங்கின. நாய் அலறியது. அக்கா சுளகை எடுக்கவில்லை. அப்படியே ஓடி, நாயின் மேல் கவிழ்ந்து, அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"எங்கயாச்சும் பட்டுச்சா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க" வரும் என்று நான் காத்திருந்தேன். அக்கா நாயைக் கீழே விட்டார்.

"தலையில தட்டிருச்சு அத்தே. ரெண்டு தடவ."

வீட்டுக்கார அம்மா அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். காகம் தலையில் தட்டினால் சனி பிடித்தது என்று அர்த்தம். தட்டுப்பட்டவருக்குச் சாவு, அல்லது வீட்டில் இன்னொருவருக்கு. அதைக் கழிப்பதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. தட்டுப்பட்டவர் செத்துவிட்டதாகச் சொந்தக்காரர்களுக்குப் பொய்ச் சேதி அனுப்ப வேண்டும். அவர்கள் நிசமென்று நம்பி அழ வேண்டும். அந்தக் கண்ணீரோடு கண்டம் கழிந்துவிடும். பிறகு உண்மையைச் சொல்லி இன்னொரு கடிதம் போட்டுவிடலாம். என் சித்தப்பா ஒருவர் இப்படி இரண்டு தடவை செத்திருக்கிறார்.

"டீச்சர், மஞ்சள் அரச்சுத் தாறேன். பத்துப் போடுங்க. எனக்குக் கண்ணு புடிபடாது" என்றார் அம்மா.

அக்காவைச் சன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, முடியைப் பிரித்துப் பார்த்தேன். உச்சியில் பார்த்தேன். பின்தலையில் பார்த்தேன். கீறல் இல்லை, சிவப்புக்கூட இல்லை. கையில்தான் ஒரு சின்னக் காயம், அதுவும் நாயின் நகம் பட்டது. "எங்கக்கா?" என்றேன்.

அக்கா திரும்பவில்லை. என் கையைப் பிடித்து உச்சந்தலையில் வைத்தார். "நல்லாப் பாருங்க டீச்சர். இருக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வருடப் பகைக்குக் கல்யாணமும் காதுகுத்தும் வழி திறக்காது. ஆனால் சாவென்றால் எந்தப் பகையாளியும் வராமல் இருக்க மாட்டான். இதை அக்கா எத்தனை நாள் யோசித்தாரோ, அந்தச் சுளகுக்குக் கீழே.

"ஆமா அம்மா, ரத்தம் கட்டியிருக்கு" என்று சத்தமாகச் சொல்லி, ஒன்றுமில்லாத இடத்தில் மஞ்சளைத் தடவினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் பெரிய விவாதம். அழ வேண்டியவர்கள் பிறந்த வீட்டார். அவர்களுக்கா சேதி சொல்வது என்று மகன் முறுக்கிக்கொண்டார். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? தாலி கட்டுனவனுக்கும் ஆகாதுடா" என்றார் அம்மா. தனக்கும் ஆகாது என்றதும் மகன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். மறுநாள் தந்தி அடிப்பதென்று முடிவாயிற்று. அம்மா தெளிவாகச் சொன்னார்: "செத்துட்டான்னு மட்டும் போடுங்க டீச்சர். வாங்கன்னு போட வேணாம். நிசத்தச் சொல்லி ஒரு கடுதாசியும் அதோடவே போட்டுருங்க. ஒரு நாள் அழுதாப் போதும்."

வெள்ளிக்கிழமை காலை தபால் கந்தோரில் தந்தித் தாளை வாங்கி, "தங்கை இறந்துவிட்டாள்" என்று எழுதினேன். பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்து, "உடனே வரவும்" என்றும் எழுதினேன். கடிதத்தையும் பெட்டியில் போட்டேன். அது போய்ச் சேர இரண்டு நாளாகும் என்று எனக்குத் தெரியும். அன்று மாலை நான் ஊருக்குப் போகவில்லை.

சனிக்கிழமை பத்து மணியிருக்கும். மரக்கறி ஏற்றும் வேன் ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றது. இறங்கும்போதே ஒரு பெண் தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி வைத்தார். அக்காவின் அண்ணன் மனைவி. அவர் கையிலிருந்த தட்டில் மஞ்சளும் குங்குமமும் கண்ணாடி வளையலும், பச்சைக் கரை போட்ட சிவப்புச் சேலையும் இருந்தன. சுமங்கலியாகச் செத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு போடும் கோடித் துணி. அவர் பின்னால் அண்ணன். பெரிய உருவம். முழங்காலில் விழுந்து, வாசல்படியில் நெற்றியை மோதிக்கொண்டு, "ஏந் தங்கச்சி, ஒன்னப் பாக்காம விட்டுட்டனே" என்று அழுதார். ஒரு ஆம்பிளை அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. நான் எழுதிய இரண்டு வார்த்தை செய்த வேலை அது. ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றார். "அண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு நடந்த கூச்சலையும் கட்டிப்பிடித்தலையும் என்னால் எழுத முடியாது. அண்ணி அக்காவின் கன்னத்தில் ஓர் அறை வைத்துவிட்டு, அதே கன்னத்தில் முத்தம் கொடுத்தார். வீட்டுக்கார அம்மா கைகூப்பி, காகத்தின் கதையைச் சொன்னார். தந்தியில் "வரவும்" எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மகன், "உள்ள வாங்க மச்சான்" என்று அண்ணனின் கையைப் பிடித்து, முன்னறைக் கதிரையில் உட்கார வைத்தார். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. அண்ணன் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு நிறைவு வந்தது. அதைக் கண்டு நானும் சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

"அம்மா வரலியா?" என்று அக்கா கேட்டார்.

"அதுக்குச் சொல்லல. இப்பக் கண்ணு சுத்தமாத் தெரியல தங்கச்சி. யாரு வாசலுக்கு வந்தாலும் நீதானான்னு கேக்கும்."

அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். வேன்காரன் அவசரப்படுகிறான் என்றார். அப்போது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, என் காது கேட்க முதல்முறையாக ஒன்றைக் கேட்டார்.

"நானும் வர்றேன் அண்ணே. அம்மாவப் பாத்துட்டு வந்துர்றேன். என்னையக் கூட்டிட்டுப் போ."

அண்ணன் மச்சானைப் பார்த்தார். மச்சான் அம்மாவைப் பார்த்தார். வீட்டுக்கார அம்மா குரலை உயர்த்தாமல், நல்லதைச் சொல்பவர் போலத்தான் சொன்னார். "செத்துட்டான்னு அழுத வாசலுக்கு உடனே போகக்கூடாதும்மா. அவுங்களுக்குத்தான் ஆகாது. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பெரியவுங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணன். என்ன அவசரம் அந்தப் பதிலில்! கிடைத்த கதிரையை மறுபடி இழக்க அவர் தயாராக இல்லை. "தீவாளிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன் தங்கச்சி. மச்சான், நீங்களும் வரணும்."

"ஒரு நாள்தானே, போய்ட்டு வரட்டுமே" என்று நான் வாயைத் திறந்தேன். "ஒங்களுக்கு இது தெரியாது டீச்சர்" என்றார் வீட்டுக்காரர். வேனில் இடம் இருந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன், பின்னால் இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது. செத்தவளைப் பார்க்க அழுதுகொண்டு ஓடி வந்தவர், உயிரோடு கேட்டவளை விட்டுவிட்டுப் போனார். அந்த மனிதரை என்னால் இன்றுவரைக்கும் மன்னிக்க முடியவில்லை. அழுதது பொய்யில்லை என்பதால் இன்னும் முடியவில்லை.

தீபாவளிக்கு வேன் வரவில்லை. ஒரு கடிதமும் ஒரு பொதி தேயிலையும் வந்தன. தை மாதம் எனக்கு மாத்தளைக்கு மாற்றம் கிடைத்தது. அக்கா ஹேவாஹெட்டவுக்குப் போனாரா, அவர் அம்மா அதுவரைக்கும் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதியிருக்கலாம். நானும் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோடிச் சேலையைத் திரும்ப எடுத்துப் போகக்கூடாது என்று அண்ணி தட்டோடு விட்டுவிட்டுப் போயிருந்தார். பிணத்துக்கென்று வாங்கியதை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று வீட்டுக்கார அம்மா அதைப் பின்படியில் வைக்கச் சொன்னார். விடிந்ததும் யாரிடமாவது கொடுத்து மகாவலி ஆற்றில் விடச் சொல்வதாக ஏற்பாடு. நாலு மணிக்கு மேல் நான் சமையலறையில் நின்றபோது அக்கா குளித்துவிட்டு முற்றத்தில் நடந்து வந்தார். தலையில் சுளகு இல்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சிவப்புச் சேலையைக் கட்டியிருந்தார். மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.

வீட்டுக்கார அம்மா வாயில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, பொணத்துக்குக் கொண்டாந்த சேலடி அது! அவுத்துப் போடு!"

அக்கா ஈரத்தலையைப் பிழிந்து முடிந்துகொண்டு, அடுப்புப் பக்கம் போனார்.

"எனக்குன்னுதானே அத்தே கொண்டாந்தாங்க" என்றார்.